பேரேடு வைத்துப் படிக்க வேண்டிய நாவல்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ 67 அத்தியாயங்கள் கொண்ட நாவல். ஆங்கிலத்தில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் சொற்கள். கொலையும் பழிவாங்கலும் நிறைந்த கதை என்று கேள்விப்பட்டு அதைக் கையில் எடுக்கும் வாசகர், அந்தக் கொலைக்காக 48ஆம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் நாற்பது ஐம்பது பேர் கதைக்குள் வந்துவிடுகிறார்கள், ஒரு வழக்கு இருந்த இடத்திலேயே நிற்கிறது, கதை சொல்லும் குரலும் இரண்டாகப் பிரிந்து மாறி மாறி ஒலிக்கிறது. நான் இருமுறை தொடங்கி, இருமுறையும் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் அருகில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் முறை, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தில், ஆறு பேராக உட்கார்ந்து, நடுவில் ஒரு கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு படித்தோம். ஐப்பசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனியில் முடித்தோம். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கொல்லப்படுவது யார், கொன்றது யார் என்ற இரண்டையும் எங்கும் சொல்லவில்லை. ஆகவே நாவலை இன்னும் தொடாதவர்களும் தயங்காமல் மேலே படிக்கலாம்.

முதலில் பிரதியைப் பாருங்கள். சுருக்கப் பதிப்புகள் கடைகளில் நிறைய உண்டு. அவற்றில் வழக்கும் கொலையும் மிஞ்சும், அவை இரண்டையும் இணைக்கும் சிறு மனிதர்கள் காணாமல் போவார்கள். பொருளடக்கத்தில் 67 அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது. குடன்பெர்க் திட்டத்தின் இணையதளத்தில் முழு நாவலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஹேப்லாட் நைட் பிரவுன் ‘ஃபிஸ்’ என்ற பெயரில் வரைந்த 40 படங்களும் உள்ள பதிப்பு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பத்துப் படங்கள் இருளே மிகுந்திருக்கும்படி தனி முறையில் செதுக்கப்பட்டவை. கதையின் மனநிலையை அவை எந்த முன்னுரையைவிடவும் நன்றாகச் சொல்லும்.

தவணை முறை

இந்த நாவல் புத்தகமாகப் பிறக்கவில்லை. 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதம் ஒன்றாக, நீலமும் பச்சையும் கலந்த தாள் அட்டையுடன், 32 பக்கங்களும் இரண்டு படங்களும் கொண்ட சிறு வெளியீடுகளாக வந்தது. ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். கடைசி மாதத்தில் மட்டும் இரண்டு வெளியீடுகள் சேர்ந்து இரண்டு ஷில்லிங்குக்கு வந்தன. அன்றைய வாசகர் ஒரு பகுதியைப் படித்துவிட்டு, அடுத்த மாதம் வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியையும் கணக்கில் வைத்தே டிக்கன்ஸ் எழுதினார் என்பதை மறந்து, ஒரே மூச்சில் படிக்க முயல்வதுதான் பெரும்பாலோர் பாதியில் நிற்பதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இது புதிய பழக்கமன்று. வார இதழிலிருந்து கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து வைத்த தொகுப்புகள் செட்டிநாட்டு வீடுகளின் மரப்பெட்டிகளில் இன்றும் கிடக்கின்றன. இப்படிப்பட்ட இதழ்களையும் நூல்களையும், பிறர் தூக்கி எறிந்த அழைப்பிதழ்களையும்கூட ஒன்று விடாமல் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தவணையில் வரும் கதையை எப்படிச் சுவைப்பது என்பதை நம் அப்பத்தாக்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவையே இங்கும் பயன்படுத்தலாம்.

எனவே புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் தவணைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தவணை 1 முதல் 4 வரை. அடுத்த ஏழு தவணைகளும் மும்மூன்று அத்தியாயங்கள். 25உடன் எட்டாவது முடியும். ஒன்பதாவது 26 முதல் 29, பத்தாவது 30 முதல் 32, பதினொன்றாவது 33 முதல் 35, பன்னிரண்டாவது 36 முதல் 38, பதின்மூன்றாவது 39 முதல் 42, பதினான்காவது 43 முதல் 46, பதினைந்தாவது 47 முதல் 49, பதினாறாவது 50 முதல் 53, பதினேழாவது 54 முதல் 56, பதினெட்டாவது 57 முதல் 59. மிச்சமுள்ள 60 முதல் 67 வரை கடைசி இரட்டைத் தவணை. வாரம் ஒரு தவணை என்றால் 19 வாரங்கள். நாளொன்றுக்கு அரை மணியோ முக்கால் மணியோ போதும். ஒரு தவணை எங்கே முடிகிறது என்று கவனித்தால் டிக்கன்ஸ் எந்தக் கேள்வியை வாசகர் மனத்தில் விட்டுவிட்டுப் போனார் என்பது தெரியும். பத்தாவது தவணையின் கடைசிப் பக்கத்தை எங்கள் குழுவில் ஒருவர் படித்து முடித்தபோது, அடுத்த வாரம் வரை பொறுக்க மாட்டேன் என்று இருவர் வாதாடினார்கள்; பொறுக்க வைத்தோம், அது நல்லதாயிற்று.

குழுவாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வாரமும் ஒருவர் அந்தத் தவணையைத் தமிழில், புத்தகத்தைப் பாராமல், பத்து நிமிடம் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். ஆங்கிலத்தில் புரிந்துவிட்டது என்று நினைத்த இடமெல்லாம் தமிழில் சொல்லப் புகும்போது தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வரும் இடத்தைத்தான் மறுபடி படிக்க வேண்டும். எங்கள் குழுவில் ஆங்கிலம் படிக்காத ஆச்சி ஒருவர் இந்தப் பத்து நிமிடங்களை மட்டுமே கேட்டுவந்தார். நான்காவது வாரத்தில் அவர் சொன்னார்: “மத்தவுக எல்லாம் பேசிக்கிட்டே இருக்காக. அந்த வக்கீல் மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாக. எனக்கு அவுகளப் பாத்தாத்தான் பயமா இருக்கு.” டல்கிங்ஹார்ன் என்ற வழக்கறிஞரைப் பற்றி இதைவிடச் சரியாக நாங்கள் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

பேரேடு

பாத்திரங்களின் பட்டியல் பல பதிப்புகளில் முன்பக்கத்திலேயே இருக்கும். அது பயன்படாது என்பது என் அனுபவம். பெயரும் உறவும் தெரிவதால் இந்த நாவல் பிடிபடாது. யார் யாரைப் பற்றி எதை அறிந்திருக்கிறார், அதை எப்போது அறிந்தார் என்பது தெரிந்தால்தான் பிடிபடும். இதற்கு நம் ஊர்க் கணக்கு முறையே ஏற்றது. கணக்கப்பிள்ளை அன்றாடம் நடப்பதை அன்றைக்கே குறித்துவைப்பார். பிறகு ஆள் வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். கடைசியில் ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கின் சுருக்கம், எடுக்கும்போது வரவும் பற்றும் நேராக வேண்டும். அப்படியே செய்யுங்கள்.

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், முதலில் வந்த அத்தியாய எண், அவரை அடையாளம் காட்டும் ஒரு பொருள் அல்லது பழக்கம். கீழே இரண்டு பத்திகள். வரவுப் பத்தியில் அவருக்குத் தெரியவந்த இரகசியங்கள். பற்றுப் பத்தியில் அவர் பிறருக்குச் சொன்னவை, விட்டுக்கொடுத்தவை, அவரிடமிருந்து பறிக்கப்பட்டவை. பணக்கடனையும் இங்கேயே எழுதுங்கள், ஏனென்றால் இந்த நாவலில் பணமும் இரகசியமும் ஒன்றை வைத்து ஒன்றை வாங்கக் கூடியவை. உதாரணத்துக்கு, ஸ்மால்வீட் என்ற வட்டிக்காரரிடம் ஜார்ஜ் என்ற முன்னாள் படைவீரர் பட்டிருக்கும் கடனைப் பாருங்கள். நண்பர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. தவணைதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 34ஆம் அத்தியாயத்தில் திடீரென்று முழுத் தொகையும் கேட்கப்படுகிறது. கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பத்தில் பிறந்தவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இத்தனை காலம் புதுப்பித்தவர் இன்றைக்கு ஏன் நெருக்குகிறார், அவருக்கு வேண்டியது உண்மையில் என்ன? அந்தக் கேள்வியைப் பேரேட்டில் எழுதுங்கள். விடை அதே அத்தியாயத்தில் இருக்கிறது.

பேரேட்டை எப்படித் தொடங்குவது என்பதற்கு இரண்டாம் அத்தியாயம் போதும். லேடி டெட்லாக், செல்வமும் அழகும் சலிப்பும் நிறைந்த சீமாட்டி, கணவர் சர் லெஸ்டரோடு இலண்டன் வீட்டில் அமர்ந்திருக்கிறார். வழக்கறிஞர் டல்கிங்ஹார்ன் ஏதோ பிரமாணப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தாளைப் பார்த்த சீமாட்டி, இதைப் பிரதி எடுத்தது யார் என்று கேட்கிறார். சற்று நேரத்தில் மயக்கம் வருகிறது. சர் லெஸ்டர் வெயில் குளிர் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார். வழக்கறிஞர் ஒன்றும் சொல்லவில்லை. நாவலின் பழிக்கணக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வளர்கிறது. இதை வாசித்ததும் சீமாட்டியின் பக்கத்தில் ஒரு வரி, வழக்கறிஞரின் பக்கத்தில் ஒரு வரி எழுதினால், முப்பது அத்தியாயம் கழித்து அந்த வரிகள் எத்தனை வட்டி சேர்த்திருக்கின்றன என்று பார்க்கலாம்.

அந்தத் தாளின் கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதையும் சொல்ல வேண்டும். சொத்து, உயில் வழக்குகளை விசாரித்த சான்சரி என்ற நீதிமன்றத்தில் அக்காலத்தில் சாட்சியம் பெரும்பாலும் எழுத்திலேயே நடந்தது. ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் மனுவுக்கும் பல பிரதிகள் வேண்டும், தட்டச்சு கிடையாது, கூலிக்குப் பிரதி எழுதும் எழுத்தர்கள் இருந்தார்கள். பெரிய மாளிகையின் மேசைக்கும் பிச்சைக்காரத் தெருவின் மாடி அறைக்கும் நடுவே ஒரே தாள் பயணம் செய்ய அந்த நீதிமன்றமே வழி அமைத்தது. ‘நெமோ’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எழுத்தர் அந்த மாடி அறையில் இருக்கிறார். இலத்தீனில் அதற்கு ‘யாருமில்லை’ என்று பொருள். அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், வெறுமையாக இருந்தாலும்.

இன்னொன்று. 10ஆம் அத்தியாயத்திலும் 16ஆம் அத்தியாயத்திலும் ஓர் அறையின் மேற்கூரையில் தீட்டப்பட்ட ரோமானிய உருவம் வருகிறது. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் முகப்புக் கூரைகளில் பூவும் கொடியும் தீட்டிய வீடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதை அலங்காரம் என்று கடந்துபோவார்கள். கடக்காதீர்கள், அந்த உருவத்தின் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

இரண்டு குரல்

34 அத்தியாயங்களைப் பெயரற்ற ஒரு குரல் நிகழ்காலத்தில் சொல்கிறது. 33 அத்தியாயங்களை எஸ்தர் சம்மர்சன் என்ற இளம்பெண், எல்லாம் முடிந்து ஆண்டுகள் கழிந்தபின், இறந்தகாலத்தில் எழுதுகிறாள். முதல் குரல் பருந்தைப் போல நகரத்தின் மேல் வட்டமிடுகிறது. அது அறியாதது ஒன்றுமில்லை, ஆனால் அறிந்ததையெல்லாம் சொல்வதில்லை. எஸ்தர் தன் கண்முன் நடந்ததை மட்டுமே சொல்கிறாள். பொருளடக்கத்தில் எஸ்தரின் அத்தியாயங்களுக்கு நேரே ஓர் ‘எ’ போட்டுவிடுங்கள். குரல் மாறும்போது வரும் குழப்பம் பாதியாகிவிடும்.

முதல் குரலின் தொடக்கப் பக்கம் ஆங்கிலம் கற்றவர்களையே திகைக்க வைப்பது. நவம்பர் மாத இலண்டன், சேறு, புகை, மூடுபனி. பத்தி பத்தியாக முற்றுவினை இல்லாத வாக்கியங்கள். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. “எங்கும் மூடுபனி” என்று நாம் இரண்டே சொல்லில், வினையில்லாமல், இயல்பாகச் சொல்வோம். “ஆற்றின் மேல் மூடுபனி, கரையில் மூடுபனி” என்று அடுக்குவோம். நாட்டுப்பாடலில் கேட்ட நடைதான் அது. அந்தப் பத்தியை உரக்கப் படியுங்கள், மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே படியுங்கள். ஆங்கில இலக்கணத்துக்குப் புறம்பாகத் தோன்றிய நடை காதுக்கு இசைந்துவிடும். மூடுபனியே காணாத செம்மண் பூமியில், உச்சிவெயிலில் வளவுத் தூண் நிழலில் உட்கார்ந்து அதைக் கேட்டபோதும் எங்களுக்குத் தொண்டை கமறியது.

எஸ்தரிடம் பலருக்குப் பொறுமை போய்விடும். தான் அறிவாளி அல்ல என்று தொடங்குகிறாள். பிறர் தன்னைப் புகழ்ந்ததை வெட்கத்தோடு எழுதுகிறாள். வீட்டுச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு எல்லோருக்கும் பணிவிடை செய்கிறாள். அவளை அசடு என்றோ மிக நல்லவள் என்றோ ஒதுக்கிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில், அவள் பிறந்ததே ஓர் அவமானம் என்று அவள் பிறந்தநாளில் அவளை வளர்த்தவள் சொல்கிறாள். அப்படிச் சொல்லி வளர்க்கப்பட்ட குழந்தை, ‘நான் இருப்பதற்கு நியாயம் தேடிக்கொள்ள வேண்டும்’ என்ற கட்டாயத்தோடு வாழ்கிறது என்று எடுத்துக்கொண்டு படித்தால், அவளுடைய ஒவ்வொரு பணிவுச் சொல்லும் வலியைச் சொல்லும். பெற்றோர் யாரென்று கேட்கக் கூடாத குழந்தைகள் பெரிய குடும்பங்களில் வளர்ந்த கதை நமக்குத் தெரியாததன்று. அவள் எதைச் சொல்லாமல் வாக்கியத்தை நிறுத்துகிறாள் என்பதைப் பேரேட்டில் எழுதுங்கள்; குறிப்பாக ஆலன் உட்கோர்ட் என்ற மருத்துவரைப் பற்றிச் சொல்லும்போது.

இரு குரல்களிலும் தோன்றும் ஆட்களின் பெயரைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுங்கள். தெருக்கூட்டும் சிறுவன் ஜோ 11, 16ஆம் அத்தியாயங்களில் முதல் குரலுக்குள் இருக்கிறான். 31ஆம் அத்தியாயத்தில் எஸ்தரின் கதைக்குள் வந்து சேர்கிறான். அந்த வருகையால் எஸ்தருக்கு நேர்வது நாவலின் போக்கையே மாற்றுகிறது. பிள்ளையார் நோன்பில் தனித்தனியாக எடுத்த இழைகளைச் சேர்த்து ஒரே திரியாக்குவதுபோல, இந்தச் சிவப்புப் பெயர்களால்தான் இரண்டு கதைகளும் ஒன்றாகின்றன.

வழக்கு

ஜார்ண்டைஸ் எதிர் ஜார்ண்டைஸ் என்ற வழக்கு எதைப் பற்றியது என்று முழுதாகப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். ஒரு உயில், அதையொட்டிய சொத்துரிமை. அவ்வளவே தெரிந்தால் போதும். உயிரோடிருக்கும் யாருக்கும் அது புரியவில்லை என்று நாவலே சொல்கிறது. சான்சரி, சமநீதி முறையில் சொத்து, உயில், தாய்தந்தையற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு போன்றவற்றை விசாரித்த நீதிமன்றம். 1870களின் சீர்திருத்தச் சட்டங்களால் உயர் நீதிமன்றத்தோடு இணைக்கப்பட்டது. டிக்கன்ஸ் இளமையில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகவும் நீதிமன்றச் செய்தி எழுதுபவராகவும் இருந்தவர். 1844இல் தன் நூலைத் திருடி அச்சிட்டவர்கள் மேல் இதே நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். எதிராளிகள் திவாலாகிவிட, செலவு அவர் தலையில் விழுந்தது. நாவலின் முன்னுரையில், ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நடந்து 70,000 பவுண்டு செலவு வைத்த உண்மை வழக்கொன்றைக் குறிப்பிடுகிறார். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டால், இந்த நாவலின் மாத வெளியீடு விற்ற விலையோடு ஒப்பிட்டு அந்தத் தொகையின் கனத்தை உணரலாம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை. வளவைச் சுற்றி மகனுக்கொரு அறையாகக் கட்டிய வீடு, இரண்டு தலைமுறை கழித்து இருபது பங்காளிகளின் பூட்டுத் தொங்கும் கதவுகளாக மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். நாங்கள் படித்த வீட்டின் இரண்டாங்கட்டிலேயே ஓர் அறை, பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் இருப்பதால் முப்பது ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை; மேலே ஓடு சரிந்து, மழைநீர் உள்ளே இறங்கி, கதவின் அடியில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. முதல்நிலைத் தீர்ப்பாணைக்கும் இறுதித் தீர்ப்பாணைக்கும் நடுவே ஒரு தலைமுறை போய்விட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். ரிச்சர்ட் கார்ஸ்டோன் என்ற இளைஞன், வழக்கு முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித் தொழிலுக்குப் பின் தொழிலாகக் கைவிடுவதை நாங்கள் அந்தக் கதவின் எதிரில் உட்கார்ந்து படித்தோம். அவனுடைய அத்தியாயங்களை வேகமாகப் புரட்டாதீர்கள். கொலையைவிட மெதுவாக ஓர் உயிரை எடுப்பது எது என்பதை டிக்கன்ஸ் அவற்றில்தான் காட்டுகிறார்.

வேகமாகக் கடக்கக் கூடிய இடங்களும் உண்டு. 12ஆம் அத்தியாயத்தில் அரசியல்வாதிகளின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் பத்திகளை ஒருமுறை ஓசைக்காகப் படித்துவிட்டு நகரலாம். சாட்பாண்ட் என்ற போதகரின் பேச்சு நீளும்போது அதற்கு நடுவில் ஜோவின் முகத்தை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் 4ஆம் அத்தியாயத்துத் திருமதி ஜெல்லிபி, தொலைவிலுள்ள ஆப்பிரிக்கக் கரைக்கு நன்மை செய்வதற்காகத் தன் குழந்தைகளை மாடிப்படியில் உருளவிடும் அம்மையார், கதைக்குப் புறம்பானவர் போலத் தோன்றினாலும் அவரைத் தவிர்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரைக் காணாத கண் என்பது இந்த நாவலின் எல்லாக் குற்றங்களுக்கும் அடிப்படை.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு அறியாச் சொல்லுக்கும் அகராதியைத் திறந்தால் மூன்றாம் தவணைக்குள் சோர்ந்துவிடுவீர்கள். ஒரே சொல் மூன்று முறை வந்தால் மட்டும் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம், பழைய சட்டச் சொற்களுக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் கைப்பேசி அகராதிகளைவிட நன்றாக உதவியது.

கொலைக்கு முன்னும் பின்னும்

நம் மனத்தில் பழி என்றால் கண்ணகிதான். பாண்டியன் தேவியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவையின் நடுவே உடைத்துக் காட்டினாள். ஒரே சான்றில் வழக்கு முடிந்தது, அரசன் உயிர்விட்டான், நகரம் எரிந்தது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் நகரத்தார் மண்ணில் அந்தக் கதை கேட்டு வளர்ந்தவர்கள், பழி என்பது பலர் முன்னிலையில், உரத்த குரலில், நியாயத்தோடு நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். டிக்கன்ஸின் நாவலில் அவை இருக்கிறது, நீதி அங்கே வருவதில்லை. அதனால் பழி மாடிப்படிகளிலும் கடிதங்களிலும் ஒளிந்து வாழ்கிறது. யாரும் சபதம் செய்வதில்லை. ஒருவர் அவமானப்படுத்தப்படும்போது வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடந்துபோகிறார், அவ்வளவுதான். 18ஆம் அத்தியாயத்தில் வரும் அந்தக் காட்சியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

14ஆம் தவணையின் முடிவில், அதாவது 46ஆம் அத்தியாயத்துக்குப் பின், ஒரு வாரம் புத்தகத்தை மூடிவைத்து ஐந்தொகை எடுங்கள். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, இவரால் யார் யாருக்கு நஷ்டம், யாரிடம் யாருக்குப் பகை என்று ஒரு தாளில் தொகுத்தெழுதுங்கள். ஒருவருடைய பக்கத்தில் வரவு மட்டுமே ஏறிக்கொண்டிருப்பதையும் பற்று ஒன்றுகூட இல்லாததையும் காண்பீர்கள். கணக்கு நேராகாது. அந்தத் தாளை மடித்து 54ஆம் அத்தியாயத்துக்குள் வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்த தவணையில் 47ஆம் அத்தியாயம் முதலில் வருகிறது. அதை அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது. அதன் கடைசி வரிகளில் கதைசொல்லும் குரல் நாவலைவிட்டு வெளியே வந்து, அரசியையும் பிரபுக்களையும் வாசகரையும் நேரே விளித்துப் பேசுகிறது. அதை வாசித்த அன்று நாங்கள் அதற்குமேல் படிக்கவில்லை. கொலை மறுநாளைக்குக் காத்திருந்தது.

கொலைக்குப் பின் இன்ஸ்பெக்டர் பக்கெட்டைப் பின்தொடருங்கள். இலண்டன் மாநகரக் காவல் துறையில் துப்பறியும் பிரிவு 1842இல்தான் தொடங்கியது. அதில் இருந்த சார்லஸ் ஃபீல்ட் என்ற இன்ஸ்பெக்டரோடு டிக்கன்ஸ் இரவுச் சுற்றுக்குப் போய்க் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆங்கில நாவலில் வந்த முதல் துப்பறிவாளர்களில் பக்கெட் ஒருவர். அவர் 22ஆம் அத்தியாயத்திலேயே சத்தமில்லாமல் அறைக்குள் நிற்கிறார் என்பதைத் திரும்பிப் பாருங்கள். எல்லோரிடமும் அன்பாகப் பேசுவார், குழந்தைகளோடு பாடுவார். அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் தனி உயிராக அசைந்துகொண்டிருக்கும். அந்த அன்பு பொய்யா என்று எங்கள் குழுவில் இரண்டு வாரம் விவாதம் நடந்தது. பொய்யில்லை என்பது என் முடிவு. கடமையும் கனிவும் ஒரே மனிதரில் ஒன்றையொன்று தடுக்காமல் இருக்க முடியும் என்பதுதான் அவரைப் பார்க்கும்போது வரும் அச்சம்.

1849 நவம்பரில் கொலைக் குற்றத்துக்காக ஒரு கணவனும் மனைவியும் இலண்டனில் பொதுமக்கள் முன் தூக்கிலிடப்பட்டதை டிக்கன்ஸ் நேரில் கண்டார்; வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் களிப்பைக் கண்டு வெறுத்து, ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதங்கள் எழுதினார். பொது இடத்தில் தூக்கிலிடும் வழக்கம் அங்கே 1868இல்தான் நின்றது. இந்த நாவலில் கொலையாளி பிடிபட்டதும் கதை அவரை விட்டு விலகிவிடுவதையும், விசாரணையோ தண்டனையோ காட்டப்படாததையும் அந்த அனுபவத்தோடு சேர்த்துப் படிக்கிறேன். தண்டனைக் காட்சியை எதிர்பார்த்துப் பக்கங்களைப் புரட்டுபவர்கள் அதைத் தேடி ஏமாற வேண்டாம். 54க்குப் பின் கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. 55 முதல் 59 வரை பனி கொட்டும் இரவில் நடக்கும் தேடலைத் தவணை பார்க்காமல் ஒரே இரவில் படித்துவிடுங்கள். தவணை முறைக்கு நான் தரும் ஒரே விலக்கு அது.

கடைசி இரட்டைத் தவணையில் 65ஆம் அத்தியாயத்தில் வழக்கு முடிகிறது. அதை எங்கள் குழுவில் உரக்கப் படித்தவர் அந்தப் பூட்டிய அறையின் பங்காளிகளில் ஒருவர். பாதியில் நிறுத்தி, புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். 67ஆம் அத்தியாயத்தின் கடைசி வாக்கியம் முடியாமல் ஒரு கோட்டோடு நிற்கும். அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம், எஸ்தர் அங்கேதான் எழுதுவதை நிறுத்துகிறாள். அவள் எதைச் சொல்ல வந்தாள் என்பதை அவள் பக்கத்தின் கடைசி வரியாக நீங்களே பேரேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 54ஆம் அத்தியாயத்தில் வைத்த தாளை எடுத்து, எந்தப் பெயரை எழுத மறந்தீர்கள் என்று பார்த்துவிட்டு, அன்றைக்கே 2ஆம் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். அந்தத் தாளைப் பார்த்துச் சீமாட்டி கேட்கும் கேள்வி இந்த முறை வேறு குரலில் கேட்கும்.